சம்பந்திகளின் தூண்டில்

துறைமுகத்தில் பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்ற நல்லசிவத்திடம் ஜப்பான் தூண்டில். அவர் சம்பந்தி குற்றாலிங்கத்திடம் அமெரிக்கத் தூண்டில். விலையைக் கேட்டால் நமக்கு மயக்கம் வரும். எது ஒசத்தி என்று தினமும் வாய்ச்சண்டை வேறு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் கழிமுகத்திலிருந்து ஆளுக்கொரு கொடுவா மீனோடு வந்தார்கள். பைகளைச் சமையற்காரி செல்லக்கனியிடம் நீட்டி, "மீனைப் பார்த்து நீயே சொல்லு, எந்தத் தூண்டில் ஒசத்தி?" என்றார் நல்லசிவம். சம்பந்தி கைகழுவப் போனதும், "என்னோடதுன்னு சொல்லலைன்னா நாளைக்கு வேலைக்கு வராதே" என்று உறுமினார். சம்பந்தியை மட்டம் தட்டினாலோ வீட்டம்மா சும்மா விடமாட்டார். மகள் வாழப்போன வீடாயிற்றே.

எல்லோரும் கூடியதும் செல்லக்கனி பைகளைத் திறந்து பார்த்தாள்.

"ரெண்டுமே ஒசத்திதான்யா. சம்பந்தி ஐயா தூண்டில் மீனை ஐஸ் வச்சே புடிச்சிருக்கு. ஆனா உங்க தூண்டிலை அடிச்சுக்க ஆளே கிடையாது. தண்ணிக்குள்ளேயே செதிலைச் சீவி, குடலையும்லா எடுத்துட்டுக் குடுத்திருக்கு!"

எல்லாம் பழக்கதோஷம். மீன்காரி "சுத்தம் பண்ணித் தரட்டா?" என்று கேட்டிருப்பாள், மனுஷர் தலையை ஆட்டியிருப்பார்.

வீட்டம்மா சிரித்த சிரிப்பில் வேலை நீக்கம் எங்கேயோ பறந்தது. சம்பந்திகள் இருவரும் அன்றைக்குத்தான் முதல்முறையாக ஒரே குரலில் பேசினார்கள்:

"குழம்பைச் சீக்கிரம் வை தாயி, பசிக்குது."