தாளாளருக்குக் கிடைத்த இங்கிலீஷ் வார்த்தை

இந்தக் கதையைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாகத்தான் இருக்கிறது. பள்ளிக்கு வந்த வெள்ளைக்கார விருந்தாளி, தாளாளர் தங்கப்பழத்தை 'சென்டென்ஷஸ்' என்று பதிவேட்டில் எழுதிவிட்டுப் போனார். அதைக் கல்லில் பொறிக்கத் தாளாளருக்கு ஆசை.

காலைக் கூட்டத்தில் நூலகப் பணியாளர் ரூபியைக் கூப்பிட்டார். "அகராதியைப் பார்த்து அர்த்தம் சொல்லு. என் பேர் கெட்டா உன் வேலை போயிரும்."

அகராதியில், ஓயாமல் உபதேசம் செய்து சலிக்க வைப்பவர் என்று போட்டிருந்தது. ரூபி அந்த வரியை விரலால் மறைத்துக்கொண்டாள்.

"லத்தீன்ல கருத்துங்கிற சொல்லுலேருந்து வந்ததாம் ஐயா. முன்னாடி, சுருக்கமா நிறைய அர்த்தம் சொல்றவங்களை அப்படிச் சொன்னாங்களாம்."

"இப்போ?"

"ஐயா நாலு நல்வார்த்தை பேசினா எல்லாருக்கும் தானா விளங்கிரும்."

தாளாளர் ஒரு மணி நேரம் பேசினார். ஆசிரியர்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். வெயிலில் நின்ற இரண்டு பிள்ளைகள் மயங்கி விழுந்தார்கள்.

அன்று ரூபிக்குச் சோறு இறங்கவில்லை. அந்த அர்த்தம் தாளாளர் கண்ணில் படாதிருக்க, அகராதியின் அந்தப் பக்கத்தை அடுத்த பக்கத்தோடு பசை தடவி ஒட்டிவிட்டாள்.