மிளகும் மௌன வேளையும்

மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஆசிரமம். அங்கே விடிந்ததிலிருந்து உச்சிவேளை வரை யாரும் பேசக் கூடாது. வாசலில் தொங்கும் தண்டவாளத் துண்டை மாணிக்கவேல் தட்டிய பிறகுதான் வாய் திறக்கலாம். குருவான ஐயாவிலிருந்து மாடு கறப்பவர் வரைக்கும் பன்னிரண்டு பேருக்கும் அதுதான் முறை.

மிளகுக்கு அந்த முறை பிடிபடவில்லை.

மிளகு எட்டு மாத நாய்க்குட்டி. உடம்பெல்லாம் கறுப்பு, உடம்புக்குப் பொருந்தாத நீளக் கால்கள். அடைமழையில் மதகடியில் நனைந்து கிடந்ததை நாயகியம்மாள்தான் முந்தானையில் சுற்றி எடுத்து வந்தாள். பெற்ற மூன்றையும் கரையேற்றிவிட்டு, இனிமேலாவது கொஞ்சம் அமைதியாகச் சாமி கும்பிடலாம் என்று அங்கே வந்து சேர்ந்தவள் அவள். வயது ஐம்பத்தெட்டு.

அமைதி எங்கே கிடைத்தது? காலையில் எல்லோரும் கூடத்தில் கண்ணை மூடி உட்கார்ந்ததும் மிளகு எழுந்துவிடும். முதலில் துடைப்பம். அப்புறம் செருப்பு. அப்புறம் கொடியில் காயும் வேட்டி. முருங்கைக் கன்றை மூன்று தடவை நட்டார்கள், நான்கு தடவை தோண்டிப் போட்டது. நான்காவது தடவை வெறும் குழியைத்தான் தோண்டியது.

"ஏய் மிளகு! விடு, விடு! அந்தப் பக்கம் மறிங்க!"

அத்தனை பேரும் எழுந்து கிணற்றைச் சுற்றி ஓடுவார்கள். வாயில் வேட்டியோடு மிளகு முன்னால் ஓடும். ஒருவழியாகப் பிடுங்கிக்கொண்டு, மூச்சு வாங்கத் திரும்பி வந்து, மறுபடியும் கண்ணை மூடிக்கொள்வார்கள். மௌனம் கலைந்ததாக ஒருவரும் நினைக்கவில்லை. நாயைத்தானே அதட்டினோம் என்று விட்டுவிடுவார்கள்.

ஒரு வியாழக்கிழமை மாலை நாயகியம்மாள் ஐயாவின் அறைக்கு வந்தாள். உட்காரும்போதே முழங்காலைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயா, மிளகை நாளைக்குக் குடுத்துடறேன்."

"யாருக்கும்மா?"

"அரிசி ஆலைக் கிடங்குல காவலுக்கு நாய் வேணுமாம். கிடங்குக்காரர் பரமன் காலையில வந்து கூட்டிட்டுப் போறேன்னாரு."

அந்தக் கிடங்கு நாய்களை ஐயாவும் பார்த்திருக்கிறார். அங்கே கட்டிய சங்கிலியை நாய் செத்த பிறகுதான் அவிழ்ப்பார்கள்.

"உனக்குச் சம்மதமா?"

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "சம்மதமில்லை ஐயா. ஆனா முடியல. கட்டிப் போட்டுப் பார்த்தேன், கயித்தைத் தின்னுடுச்சு. தட்டிப் பார்த்தேன், விளையாட்டுன்னு நினைக்குது. ஏரிக்கரையில ஓட விட்டா அலுத்துப் படுக்கும்னாங்க. நாலு மணிக்கே எழுந்து ஓட்டினேன். அதுக்குத் தெம்புதான் கூடுச்சு. எனக்குத்தான் முட்டி போச்சு."

வெளியே போய்க்கொண்டிருந்த சமையல்கார மாணிக்கவேல் ஜன்னல் வழியாகச் சொன்னார்: "நாயகிம்மா, உங்க கடைக்குட்டி இன்னைக்கு என் கரண்டியைத் தூக்கிட்டுப் போயிட்டான். நாளைக்குக் கஞ்சியைக் கையாலதான் கிண்டணும்."

"பாருங்க ஐயா. பெத்ததுங்களுக்காகக்கூட நான் இத்தனை பேச்சுக் கேட்டதில்லை."

ஐயா லேசாகச் சிரித்தார். "முந்தாநாள் என் கைத்தடியை எடுத்தப்போ நானும்தான் கத்தினேன்."

"நீங்களே கத்திட்டீங்கன்னா அப்புறம் நான் எந்த மூலைக்கு?"

"சரிம்மா, ஒண்ணு கேக்கறேன். அது சும்மா படுத்திருக்குமா, எப்பவாவது?"

"படுக்கும். அபூர்வமா."

"அப்போ நீ என்ன பண்ணுவே?"

"என்ன பண்ணுவேன்? அப்பாடான்னு நானும் அந்தப் பக்கம் போயிடுவேன். மூச்சு விட்டாக்கூட எழுந்துடுமோன்னு பயம்."

"மாணிக்கவேலு?"

"அவரும்தான். எல்லாருமே அப்படித்தான்."

ஐயா தலையசைத்தார். "காலையில அதை என்கிட்ட விடு. அது என்ன பண்ணினாலும் யாரும் எழுந்து வரக் கூடாது, வாயும் திறக்கக் கூடாது. பரமன் வந்ததும் உன் இஷ்டம்."

மறுநாள் விடிந்ததும் ஐயா புங்க மரத்தடியில் உட்கார்ந்தார். மிளகின் கயிற்றைத் தன் இடுப்பில் முடிந்துகொண்டார். மடியில் ஒரு பிடி வறுத்த வேர்க்கடலை.

மிளகு கயிற்றை இழுத்தது. ஐயா அசையவில்லை. மேல்துண்டைக் கவ்வி உதறியது. பிடுங்கவும் இல்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. வேட்டி நுனியைப் பல்லில் மாட்டிக் கிழித்தது. 'டர்'ரென்ற சத்தம் கூடம் வரைக்கும் கேட்டது. மாணிக்கவேல் பாதி எழுந்துவிட்டார். ஐயா ஒரு விரலை உயர்த்தியதும் உட்கார்ந்துகொண்டார்.

மிளகு கிழித்த துணியை வாயில் வைத்துக்கொண்டே ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தது. யாரும் வரவில்லை. குரைத்தது. அதற்கும் யாரும் வரவில்லை. துணியைக் கீழே போட்டது. என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு கணம் பின்னங்காலை மடித்து உட்கார்ந்தது.

"மிளகு," என்றார் ஐயா.

கூடத்தில் இருந்தவர்கள் கண்ணைத் திறந்துவிட்டார்கள். முப்பது வருடமாக விடிகாலையில் அன்பாக ஒரு வார்த்தை அங்கே கேட்டதில்லை.

மிளகு துள்ளி அவர்மேல் பாய்ந்தது. ஐயா முகத்தைத் திருப்பிக்கொண்டார். குதித்துக் குதித்துப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தது.

"நல்ல பையன்டா." ஒரு கடலையைத் தரையில் வைத்தார்.

இப்படியே வெயில் ஏறியது. பாய்ந்தால் பேச்சு நின்றது. உட்கார்ந்தால் பேச்சு வந்தது. ஐயாவுக்கும் முதுகு வலித்திருக்க வேண்டும், அடிக்கடி மரத்தில் சாய்ந்துகொண்டார். வேட்டி முழங்கால் வரை கிழிந்துபோயிற்று. ஒருவழியாக மிளகு முன்னங்காலை நீட்டிப் படுத்தது. ஐயா குரலைத் தாழ்த்திக்கொண்டு அதனிடம் ஏதேதோ சொல்லிக்கொண்டிருந்தார். சிவப்பு மாடு சினையாக இருப்பது, கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டது, தனக்கு ராத்திரியில் தூக்கம் பிடிக்காதது. மிளகு ஒரு காதைத் தூக்கிக் கேட்டுக்கொண்டிருந்தது.

வாசலில் சங்கிலிச் சத்தம். பரமன் வந்துவிட்டார்.

சத்தம் கேட்டதும் மிளகு எழுந்தது. ஐயா இடுப்புக் கயிற்றை அவிழ்த்துவிட்டார். ஒரே பாய்ச்சல். பரமனின் தோளில் கிடந்த துண்டு மிளகின் வாய்க்கு வந்துவிட்டது.

"டேய்! டேய், கறுப்பா! குட்றா!" பரமன் துரத்தினார். மிளகுக்குக் கொண்டாட்டம். வாலைச் சுழற்றிக்கொண்டு கிணற்றடிக்கு ஓடியது. பரமன் இந்தப் பக்கம் வந்தால் அது அந்தப் பக்கம்.

'விடு மிளகு' என்ற கத்தல் நாயகியம்மாளின் வாய் வரை வந்துவிட்டது. ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இன்னொரு கையைப் பரமனை நோக்கி நீட்டி, நில்லுங்கள் என்று காட்டினாள்.

"என்னம்மா, துண்டு போகுதே?"

கும்பிட்டாள். பரமன் ஒன்றும் புரியாமல் நின்றுவிட்டார்.

மிளகும் நின்றது. துரத்த ஆளில்லை. சுற்றிலும் பார்த்தது. பன்னிரண்டு வாயும் மூடியிருந்தது. துண்டை ஒரு தடவை உதறிக் காட்டியது. அப்புறம் வாய் தானாகவே தளர்ந்தது, துண்டு விழுந்தது. மெல்ல உட்கார்ந்தது.

நாயகியம்மாள் தண்டவாளம் இன்னும் ஒலிக்காத அந்த வெயிலில் வாயைத் திறந்தாள். குரல் எழும்பவில்லை, காற்றாகத்தான் வந்தது.

"மிளகு, வாடா கண்ணு."

ஓடி வரவில்லை, நடந்து வந்தது. அவள் முட்டி வலியோடு தரையில் உட்கார்ந்தாள். அது அவள் புடவை ஓரத்தை முகர்ந்து பார்த்தது. கடிக்கவில்லை. பக்கத்தில் படுத்துக்கொண்டது. முதுகைத் தடவியபடி அவள் பேச ஆரம்பித்தாள். என்ன பேசினாள் என்று அவளுக்கே நினைவில்லை. பிள்ளைகளைத் தூங்கவைக்கும்போது பேசியதெல்லாம்தான் வந்திருக்கும்.

பரமன் துண்டை எடுத்து உதறினார். "இதையா ராட்சசன்னு சொன்னீங்க? என்னம்மா, கூட்டிட்டுப் போகவா வேணாமா?"

வேண்டாம் என்று அவள் தலையை மட்டும் அசைத்தாள்.

"எனக்கும் ராட்சசன்தான் வேணும். இது ஆகாது," என்று சொல்லிவிட்டு அவர் சங்கிலியைத் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

வெகுநேரம் கழித்து மாணிக்கவேல் தண்டவாளத்தைத் தட்டினார், வழக்கத்தைவிட மெதுவாக. ஐயா கைத்தடியை ஊன்றி வந்து நாயகியம்மாளின் பக்கத்தில் நின்றார். களைத்துப்போயிருந்தார்.

"நாளைக்கும் கிழிக்குமா ஐயா?"

"கிழிக்கும். நாளன்னைக்கும் கிழிக்கும். வேட்டி இருக்கு."

அவள் குனிந்துகொண்டாள். மனசில் வேறொன்று உறுத்தியது.

"விரதம் எடுத்து மூணு வருஷமாச்சு ஐயா. சாமிக்கு முன்னால சொல்லி எடுத்தது. என் மௌனமும் போச்சு, என்னால உங்க மௌனமும் போச்சு."

ஐயா அவள் மடியருகே பார்த்தார். மிளகின் வயிறு ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"நாயை அதட்டறப்போ அது தினமும்தாம்மா போய்க்கிட்டிருந்துச்சு," என்றார். "இன்னைக்குத்தான் நம்ம பேச்சைக் கேட்டு ஒரு உசிரு தூங்குது."