நண்டு பிடிச்சு வெச்ச கூரை

ஒரு ஊர்ல ஒரு ஊரே கிடையாது, வெறும் கடல்தான்! அந்தக் கடலோட அடியில பூவாயின்னு ஒரு மட்டிச் சிப்பி. உடம்பு சேத்துக்குள்ள, மூச்சு விடுற குழல் மட்டும் வெளிய. சுத்தி அவ பெத்த முப்பது பொடி மட்டிங்க.

அப்போ ஒரு நாள் புஸ்ஸ்ஸுன்னு இறங்குச்சு பாரு, பாறைய விட்டுப் பிச்சுக்கிட்டு அலைஞ்சு வந்த பாசி! ஏழு கல்யாணப் பந்தல் அகலம். மேல நத்தை, இறால் எல்லாம் ஓசி சவாரி.

ம் கொட்டு.

பக்கத்து வளை நண்டு கொடுக்கப்பனுக்குத் தலைகால் புரியல. "யக்கா, கூரை வந்திருக்கு! இனி எந்த மீனும் நம்மளப் பார்க்காது!" எங்கே ஓடிப்போயிடுமோன்னு ஓரமெல்லாம் கல்லு வெச்சு அமுக்கிட்டான். நத்தைங்களுக்கோ விருந்து. மொறுக் மொறுக்!

அப்புறம் மூணாம் நாள் அடிப்பாசி அழுகுச்சு. சேறு கறுத்துச்சு. அழுகின முட்டை நாத்தம்! பூவாயி இழுத்து இழுத்துப் பார்க்குறா, மூச்சு வரல. பிள்ளைங்க சேத்தை விட்டு மேல வந்து வாயைப் பொளந்துக்கிட்டுக் கிடக்குதுங்க.

"எலே கொடுக்கப்பா, என் பிள்ளைங்க சாவுதுலே! கூரையை எடு!"

அவன் கறுக் கறுக்குன்னு வெட்டினான். வெட்டினது அங்கேயே விழுந்துச்சு. அப்புறம் திருக்கை மீனைக் கூப்பிட்டான். அது வாலால சடார்னு அடிச்சதுல சேறு கிளம்பி இன்னும் மூச்சு முட்டுச்சு.

அப்போ பூவாயி பார்த்தா. வெயில் பட்ட மேல்பாசியில முத்து முத்தா காத்துக் குமிழி, பொளக் பொளக்! திருக்கை அடிச்சதுல கல்லு நகர்ந்த ஒரு மூலை மட்டும், குமிழி தூக்கத் தூக்க எழும்பி எழும்பி ஆடுது.

"கூறுகெட்ட பயலே! அது போறேன்னு துடிக்குது, நீதான் பிடிச்சு உக்கார வெச்சிருக்க! கல்லை உருட்டுலே!"

டம்! டம்! கடைசிக் கல்லும் உருண்டுச்சா, பாசி மொத்தமும் சர்ர்ருனு எழும்புச்சு! சில்லுன்னு புதுத் தண்ணி பாஞ்சுது. பிள்ளைங்க புளிச் புளிச்னு பீச்சியடிச்சுதுங்க. பூவாயி எண்ணினா. முப்பதும் இருக்கு!

கொடுக்கப்பனைத்தான் காணோம். அண்ணாந்து பார்த்தா, கூரையை விட மனசில்லாம ஒத்தைக் கொடுக்கால தொங்கிக்கிட்டுப் போறான்.

"யக்கோவ்! இது எங்க நிக்கும்?"

"எங்க நின்னாலும் கல்லு மட்டும் வெச்சிராதலே!"

நண்டும் போச்சு, கதையும் மிதந்து போச்சு. கண்ணை மூடு, நீயும் மிதந்துக்கிட்டே தூங்கு.