தையல் போட்ட சோளம்

சோளக்காட்டின் நடுவே ஒரு காடை அடைகாத்துக்கொண்டிருந்தது. சோளத்தட்டைகளின் அடியில் மண்ணைச் சீய்த்து, காய்ந்த புல்லைப் பரப்பி, ஐந்து முட்டைகள் இட்டிருந்தது. சோளத்தின் நீண்ட இலைகளான தோகைகள் அகல விரிந்து கூட்டுக்குக் குடை பிடித்தன.

கத்திரி வெயில் பிறந்தது. அன்று உச்சிவேளையில் தோகைகள் ஒவ்வொன்றாகச் சுருண்டு ஈர்க்குச்சிபோல் ஆகிவிட்டன. வெயில் நேரே முட்டைகளின்மேல் விழுந்தது.

காடைக்கு இருப்புக்கொள்ளவில்லை. எழுந்தது, உட்கார்ந்தது, மறுபடி எழுந்தது. வரப்புவரை ஓடிப்போய்த் திரும்பி ஓடிவந்தது.

வரப்பு வளையிலிருந்து எலி தலையை நீட்டியது. "எத்தனை தடவை ஓடுவே? முட்டையை யார் பார்த்துக்கறது, நானா?"

"சோளம் செத்துக்கிட்டிருக்கு அண்ணே. உனக்குக் கண்ணு தெரியலையா?"

"பொழுது சாயட்டும். அப்புறமா ஒப்பாரி வை" என்று எலி வளைக்குள் இறங்கிவிட்டது.

பொழுது சாயும்வரை எந்தத் தாய் காத்திருப்பாள்? காடை வேலியோர அத்திமரத்துக்கு ஓடியது. அங்கேதான் இலைகளைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டும் தையல்சிட்டு இருந்தது.

"அக்கா, உன் மூக்கு ஊசி எனக்கு வேணும். தோகையெல்லாம் சுருளுது. விரிச்சு வெச்சுத் தைச்சுக் குடு."

தையல்சிட்டுக்கும் ஓரிடத்தில் நிற்க வராது. வேலை என்றதும் சிலந்தி நூலும் பஞ்சும் கவ்விக்கொண்டு பறந்து வந்துவிட்டது. ஒரு தோகையின் ஓரத்தை அடுத்த தோகையின் ஓரத்தோடு சேர்த்துத் தைத்தது. கூட்டைச் சுற்றி நின்ற தட்டைகள் அத்தனைக்கும் தையல் விழுந்தது.

"ஏண்டி, இது திமிறுதே. சுருளணும்னு இழுக்குதே."

"நீ இறுக்கித் தை அக்கா. அதுக்கென்ன தெரியும்!"

கூரை அமைந்தது. நிழலும் விழுந்தது. காடை அப்போதுதான் சற்று அசையாமல் உட்கார்ந்தது.

சாயங்காலம் காற்று குளிர்ந்தது. காடை தலையைத் தூக்கிப் பார்த்தது. அடுத்த வரிசையில், தையல் படாத சோளமெல்லாம் சுருளை அவிழ்த்துக்கொண்டு பச்சைப்பசேலென்று விரிந்து நின்றது. காடையின் தலைக்குமேல் இருந்த கூரை மட்டும் ஓரம் கருகித் துவண்டு தொங்கியது. வெயிலில் விரிந்தே கிடந்ததால், தோகைக்குள் இருந்த ஈரமெல்லாம் போய்விட்டிருந்தது.

"அக்கா, அவிழ்த்துடு" என்றது காடை.

தையல்சிட்டு ஓடி ஓடி நூலை அறுத்தது. தோகைகள் விரியவும் இல்லை, சுருளவும் இல்லை. மறுநாள் வெயில் ஏறியபோது அவை சருகாகி உதிர்ந்தன. இப்போது கூட்டின்மேல் சுருண்ட தோகையின் நிழல்கூட இல்லை.

காடை ஓடுவதற்குக் காலைத் தூக்கியது. எங்கே ஓடுவது? குனிந்து முட்டைகளை அலகால் தொட்டது. நான்கில் உள்ளே மெல்ல அசைவு தெரிந்தது. ஓரத்தில் கிடந்த ஒன்றில் எதுவும் இல்லை. நேற்று ஓடிய ஓட்டத்தில், அது எவ்வளவு நேரம் திறந்து கிடந்ததோ.

தூக்கிய காலைக் காடை கீழே வைத்தது. முட்டைகளின்மேல் நின்று சிறகுகளைத் தாழ்த்தி நிழல் செய்தது. அலகைத் திறந்து, தொண்டை துடிக்க, கண்ணைப் பாதி மூடிக்கொண்டது. வெயில் முதுகைப் பொசுக்கியது. கால்கள் 'ஓடு, ஓடு' என்று நச்சரித்தன. அது அசையவில்லை.

தையல்சிட்டு பதறிக்கொண்டு வந்து இறங்கியது. "ஐயோ, என்னடி இப்படி வாயைப் பிளந்துக்கிட்டு நிக்கறே? உயிர் போகுதா? வா, அத்திமர நிழலுக்கு இழுத்துட்டுப் போறேன்." சிறகைக் கவ்வி இழுக்கவும் செய்தது.

"விடு அக்கா" என்றது காடை. "நான் சாகலை. பொழுது சாயற வரைக்கும் இப்படித்தான் நிக்கணும். நேத்து அந்தச் சோளமும் சுருண்டு நின்னு இதைத்தான் செஞ்சுக்கிட்டிருந்தது. நாம விடலை."

தையல்சிட்டு சிறகை விட்டது. என்ன செய்வதென்று தெரியாமல், ஒரு துண்டுப் பஞ்சை அலகில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே தத்திக்கொண்டிருந்தது.

பொழுது சாய்ந்தது. அடுத்த வரிசைத் தோகைகள் சலசலத்து விரிந்தன. காடை சிறகைச் சேர்த்து உட்கார்ந்தபோது, வயிற்றின்கீழ் ஒரு முட்டையை உள்ளிருந்து யாரோ தட்டினார்கள்.

கஷ்டகாலத்தில் ஒடுங்கி நிற்பவரைக் கெட்டுப்போனவர் என்று எண்ணிப் பதறிக் கைவைக்காதீர்கள்; அந்த ஒடுக்கம்தான் அவரைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது.