கிடுகிடு மார்க் மலைச் சைக்கிள்

சுண்டைமலை ராஜ்ஜியம் எவ்வளவு பெரியது என்று கேட்கிறீர்களா? ராஜா தும்மினால் பக்கத்து நாட்டுக்காரன் "நூறாயுசு!" என்பான். அவ்வளவு பெரியது. மகுடேந்திர பூபதி என்பவர் அதை ஆண்டு வந்தார். நல்ல மனிதர்தான். எதிர்மலை ராஜாவிடம் எது இருந்தாலும் தனக்கும் அது வேண்டும் என்பதைத் தவிர அவரிடம் வேறு குறை கிடையாது.

அந்த எதிர்மலை ராஜா ஒரு மலைச் சைக்கிள் வாங்கினார். வாங்கியவர் சும்மா இருக்கலாம் அல்லவா? "பௌர்ணமியன்று கரடிப்பாறை இறக்கத்தில் பந்தயம். வருகிறீரா?" என்று ஓலை அனுப்பிவிட்டார். கரடிப்பாறை இறக்கம் என்றால் கரடியே உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கும் இடம். நம் ராஜா உடனே "வருகிறேன்" என்று பதில் போட்டார். அப்புறம்தான் சைக்கிள் தேட ஆள் அனுப்பினார்.

பௌர்ணமிக்கு முதல் நாள் காலையில் மணவாளன் என்ற வியாபாரி வந்து சேர்ந்தார். கூடவே ஒரு கோவேறு கழுதை, இரண்டு சைக்கிள். ஒன்று ராஜாவுக்கு, புத்தம் புதிது. இன்னொன்று அவருடைய சொந்த வண்டியாம்.

"ரெண்டுமே கிடுகிடு மார்க், மகாராஜா! மூணு வருஷமா என் வண்டியில நான் ஏறாத மலை இல்லை, இறங்காத பள்ளம் இல்லை. இருபத்தொரு கியர். முன்னால ஷாக் அப்சார்பர். பிரேக்கைப் பிடிச்சா பூமியே நிக்கும்!"

கிடுகிடு என்ற பெயரை யாருமே கேள்விப்பட்டதில்லை. ராஜாவுக்குச் சந்தேகம். மணவாளன் ஓர் ஓலைக்கட்டை நீட்டினார். "வாங்கினவங்க எழுதிக் கொடுத்தது, மகாராஜா. எல்லாருமே அஞ்சு நட்சத்திரம் போட்டிருக்காங்க."

"மொத்தம் இருபத்தேழு இருக்கே. மீதி இருபத்திரண்டு எங்கே?" என்றார் அரண்மனை ஜோசியர்.

யானை வைத்தியர் சங்கிலியை மோந்து பார்த்தார். ஜீரணம் சரியில்லை, இரண்டு நாள் கஞ்சி கொடுங்கள் என்றார். சேனாபதி, வாளை எங்கே செருகுவது என்ற ஒரே கேள்வியைப் பதினோரு முறை கேட்டார். ஏறி ஓட்டிப் பார்க்கலாம் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. ராஜா ஏறப்போகும் வாகனத்தில் அவருக்கு முன்னால் இன்னொருவர் உட்காரக்கூடாது என்பது அந்த நாட்டு வழக்கம்.

ராஜா கடைசியில் சபையிலேயே புத்திசாலியான கூத்தையன் பக்கம் திரும்பினார்.

"கூத்தையா, நீ சொல்லு. நல்ல வண்டின்னு சொல்லி நான் விழுந்தா உனக்கு நூறு கசையடி. மோசம்னு சொல்லி, அதை எதிர்மலைக்காரன் வாங்கி ஜம்முனு ஓட்டினா உன்னை நாடு கடத்துவேன். மத்தியானத்துக்குள்ள பதில் வேணும்."

ராணி செண்பகவல்லி மெதுவாகக் கூத்தையனை அழைத்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. "கூத்தையரே, இவர் போன வருஷம் நின்னுக்கிட்டிருந்த பல்லக்கிலிருந்தே விழுந்தவர். அந்த இறக்கத்துல விட்டா முழுசாத் திரும்பி வரமாட்டார். எப்படியாவது காப்பாத்துங்க."

கூத்தையன் தன் முதுகையும் நினைத்தான், ராஜாவின் எலும்பையும் நினைத்தான். வியாபாரியிடம் போனான்.

"ஐயா, புது வண்டியைத்தான் தொடக்கூடாது. உங்க வண்டியை நீங்க ஒரு சுற்று ஓட்டிக் காட்டலாமே?"

"ஆசைதான். பாழாப்போன முழங்கால் பிடிச்சுக்கிச்சு. ஓட்டுறது எங்கே, நடக்கவே முடியலை" என்று மணவாளன் முனகிக்கொண்டே காலை நீவிவிட்டார்.

"அடடா! உட்காருங்க, மோர் சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுக் கூத்தையன் வாசலுக்கு வந்தான். கழுதையின் முதுகில் மணவாளனின் மூட்டை முடிச்செல்லாம் அப்படியே இருந்தது. கழுதையைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்தான். ஒரு பெரிய வெல்ல உருண்டையை அதற்கு மோப்பம் காட்டி, இறக்கத்தில் உருட்டிவிட்டான். வெல்லம் உருண்டது. கழுதையும் கிளம்பியது.

கூத்தையன் நிதானமாகச் சபைக்குத் திரும்பினான். "மணவாளரே, உங்க கழுதை மூட்டையோட கரடிப்பாறைப் பக்கமா போய்க்கிட்டிருக்கு."

"ஐயோ! என் பட்டுவேட்டி!"

மோர்ச் சொம்பு ஒரு பக்கம் பறந்தது. மனிதர் படிகளை மூன்று மூன்றாகத் தாண்டினார். வாசலில் இரண்டு சைக்கிளும் பளபளவென்று நின்றன. இரண்டுக்கும் நடுவே புகுந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இறக்கத்தில் தலைதெறிக்க ஓடினார்.

ராஜா உப்பரிகையிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற கூத்தையன் வாயருகே கையைக் குவித்துக் கத்தினான். "ஐயா! உங்க சைக்கிள் இங்கேயே நிக்குதே!"

"விளையாடுற நேரமாய்யா இது?" என்று திரும்பிக்கூடப் பார்க்காமல் கத்திவிட்டு மணவாளன் வளைவில் மறைந்தார்.

கூத்தையன் ராஜாவை வணங்கினான். "மகாராஜா, நான் நல்ல வண்டின்னும் சொல்லலை, மோசம்னும் சொல்லலை. மூணு வருஷம் அதோட இருந்தவர் முழங்காலே சொல்லிடுச்சு."

ராஜா சிரித்தார். கிரீடம் கழன்று மடியில் விழும்வரை சிரித்தார். தன் முத்துமாலையைக் கழற்றிக் கூத்தையன் கழுத்தில் போட்டார். ராணிக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

வெயில் உச்சிக்கு வந்த நேரத்தில் மணவாளன் கழுதைமேல் உட்கார்ந்து மலையேறி வந்தார். மேலெல்லாம் புழுதி. கழுதைக்கு மூச்சுகூட வாங்கவில்லை, வாயோரம் வெல்லம் ஒட்டியிருந்தது.

"மன்னிக்கணும் மகாராஜா. விட்ட இடத்திலிருந்து விலை பேசலாமா?"

"தாராளமா பேசலாம்" என்றார் ராஜா. "கழுதை என்ன விலை?"