சாப்பாட்டு நேரத்து விசில்

"லோக் க்ரூ, என் ஆளுங்களுக்குத் துடுப்புப் போடவே வரலை," என்றான் சரெத்.

லோக் க்ரூ முற்றம் பெருக்குவதை நிறுத்தவில்லை.

கம்போடியாவில் பிக்குவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். நம் காதுக்குப் பழகிய குருதான் அங்கே க்ரூ. இந்தக் குருவுக்குச் சீடனைவிட இரண்டு வயது குறைவு. காவிச் சீவரம் உடுத்தே மூன்று வருஷம்தான் ஆகிறது, அதற்கு முன்னால் எருமை மேய்த்துக்கொண்டிருந்தவர். ஆனாலும் பிரெக் அம்பில் கிராமத்தில் யாருக்கு என்ன குடைச்சல் வந்தாலும் அவர் விளக்குமாற்றின் முன்னால்தான் வந்து நின்றார்கள்.

"போன வருஷமும் நம்ம படகு கடைசி."

"தெரியும்."

"இந்த வருஷமும் கடைசியா வந்தா, படகைக் கோ ஸ்வாய் ஊர் விகாரைக்குக் கொடுத்துடணும்னு ஊர்ப் பெரியவங்க பேசி முடிச்சுட்டாங்க. ஓட்டத் தெரியாதவனுக்குப் படகு எதுக்குன்னு கேக்கறாங்க."

"அதுவும் தெரியும்."

"அது எங்கப்பா காப்பாத்தின படகு, லோக் க்ரூ."

விளக்குமாறு நின்றது.

போல் பாட் ஆண்ட காலத்தில் பிக்குகளின் சீவரத்தை உருவினார்கள். விகாரைகளின் நீளப் படகுகளைப் பிளந்து அடுப்பெரித்தார்கள். அதற்கு முன்பே சரெத்தின் அப்பா, கூடத் துடுப்புப் போட்டவர்களைச் சேர்த்துக்கொண்டு, இந்தப் படகில் கல்லை ஏற்றி விகாரைக் குளத்துச் சேற்றில் அமுக்கிவிட்டார். படகு பிழைத்தது. அவர் பிழைக்கவில்லை. உயிரோடு ஊர் திரும்பியவர்கள் படகைத் தூக்கிக் கழுவி, முகப்பில் அழிந்துபோயிருந்த இரண்டு கண்களையும் மறுபடி தீட்டினார்கள். அப்பா நின்ற முகப்பில் இப்போது சரெத் நிற்கிறான். நாற்பது பேருக்கும் தாளம் கொடுப்பது அவன் வேலை.

"எப்படித் தாளம் கொடுக்கறீங்க, உபாசகரே?"

சரெத் மடியிலிருந்து ஒரு விசிலை எடுத்தான். எல்லையில் அகதி முகாமில் யாரோ கொடுத்தது. பளபளவென்று இருந்தது.

"ஊதினா அக்கரைக்குக் கேக்கும்."

"ஊதினா என்ன ஆகுது?"

"முதல்ல நல்லாத்தான் போறாங்க. போகப் போகத் தோளெல்லாம் இறுகிடுது. பாறையைக் கட்டி இழுக்கற மாதிரி இருக்கு. நான் இன்னும் பலமா ஊதறேன்."

"அப்போ?"

"இன்னும் கனமாகுது. மண்ணு சுமந்த உடம்பு எல்லாம். தெம்புக்குக் குறைச்சலே இல்லை. சோம்பேறித்தனம், வேற என்ன?"

லோக் க்ரூ கையை நீட்டினார்.

"நாளைக்கு ஒரு நாள் அது என்கிட்ட இருக்கட்டும்."

*

மறுநாள் பயிற்சி முடிந்து எல்லோரும் விகாரைக் கூடத்தில் சாப்பிட உட்கார்ந்தார்கள். பிக்குகள் முன்பே சாப்பிட்டாகிவிட்டது. சுடுசோறு, மீன் போட்ட புளிக்குழம்பு. விகாரையில் சமைக்கிற யான் அக்கா கை வைத்த குழம்பு. கரண்டிச் சத்தத்தைத் தவிர வேறு பேச்சில்லை.

தூணுக்குப் பின்னாலிருந்து விசில் ஊதியது.

நாற்பது கிண்ணங்களும் தரைக்கு வந்தன. நாற்பது பேரும் எழுந்து நின்றார்கள்.

ஒருவர் வாயில் சோறு இருந்தது. அவர் மெல்லவும் இல்லை, துப்பவும் இல்லை.

சரெத்துக்குக் கோபம் வந்தது. சோற்றில் கை வைத்தவர்களை எழுப்பி எதற்கு இந்த வேடிக்கை? ஏன் இத்தனை பேரும் மாடு மாதிரி எழுந்து நிற்கிறார்கள்? திரும்பி அவர்களை ஒரு அதட்டு அதட்டப் போனவன், தானும் நிற்பதைப் பார்த்தான். அவன் கிண்ணமும் தரையில் இருந்தது. எப்போது வைத்தான் என்று அவனுக்கே தெரியவில்லை.

அந்தக் காலத்தில் விசில் ஊதினால் எழுந்தார்கள். விசில் ஊதினால் வாய்க்கால் வெட்டினார்கள். கஞ்சி தீராவிட்டாலும் விசில் ஊதினால் கிண்ணத்தை வைத்தார்கள். கடைசியாக எழுந்தவன் முகத்தை யாரோ பார்த்துவைத்துக்கொள்வார்கள். பிறகு அந்த முகத்தை யாரும் பார்க்க மாட்டார்கள்.

இவ்வளவு நாளும் அப்பாவின் படகில் நின்றுகொண்டு அதையா ஊதிக்கொண்டிருந்தோம் என்று நினைத்தபோது சரெத்துக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

லோக் க்ரூ தூணுக்குப் பின்னாலிருந்து வந்தார். அவரும் அதே வாய்க்காலில் மண் சுமந்தவர்தான்.

"உட்காருங்க," என்றார். "ஆறிடப் போகுது."

*

"அப்போ நான் எதை ஊதறது?" என்று கேட்டான் சரெத், எல்லோரும் போன பிறகு.

"உங்கப்பா எதை ஊதினாரு?"

"அவர் எங்க ஊதினாரு? பாடினாரு."

"என்ன பாட்டு?"

சரெத் நெளிந்தான். "அதெல்லாம் விகாரைல சொல்ற பாட்டு இல்லைங்க."

"ஏன்?"

"எதிர்ப் படகுக்காரனைக் கிண்டல் பண்ணுவாரு. அவன் பொண்டாட்டியைக்கூட விட மாட்டாரு. கரையில நிக்கற பொம்பளைங்க தோள்துண்டால வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிப்பாங்க."

"பிக்கு பாட்டுக் கேக்கக் கூடாது," என்றார் லோக் க்ரூ. "நான் பெருக்கப் போறேன்."

போனார். படித்துறைக்குப் பக்கத்தில் ஒரே இடத்தை வெகுநேரம் பெருக்கினார்.

*

முதல் நாள் பாட்டு வரவில்லை. சரெத்தின் தொண்டையிலிருந்து கீச்சென்று ஏதோ வந்தது. துடுப்புக்காரர்களில் இரண்டு பேர் திரும்பிக் கரையைப் பார்த்தார்கள், யாராவது கேட்டுக்கொண்டிருக்கிறார்களா என்று. அந்தக் காலத்தில் பழைய பாட்டை வாய்க்குள் முனகியவனுக்குக்கூட மன்னிப்புக் கிடையாது. ஆட்சி போய் எத்தனையோ வருஷம் ஆகியும் வாய்க்கு மட்டும் அந்தச் சேதி வந்து சேரவில்லை.

சரெத் இன்னொரு தடவை பாடினான். பின் வரிசையிலிருந்து ஹுயன், வாய்க்குள் சோற்றோடு நின்றாரே அவர்தான், மெதுவாக "ஹேய்" என்றார்.

பிறகு இன்னொருவர். பிறகு நாலு பேர்.

மறுநாள் சரெத் யான் அக்கா குழம்பில் மீனைத் தேடித் தேடிக் கண் பூத்துப்போனதாக ஒரு வரி கட்டினான். படகே குலுங்கிச் சிரித்தது. சிரிக்கிற உடம்பில் தோள் எப்படி இறுகும்? அன்றைக்குத்தான் படகு தண்ணீரைத் தொட்டது மாதிரி இருந்தது. கரையில் யான் அக்கா துடுப்பைத் தூக்கிக்கொண்டு சரெத்தைத் துரத்தியது தனிக் கதை.

*

அந்த ஊர் ஆறு விசித்திரமானது. மழைக்காலத்தில் ஏரிக்குப் போகும். மழை விட்டதும் மனசு மாறித் திரும்பிக் கடலுக்குப் போகும். அது திரும்புகிற சமயத்தில்தான் படகுத் திருவிழா.

இரண்டு கரையிலும் கூட்டம் நெரிந்தது. லோக் க்ரூ ஆற்றுக்கு முதுகைக் காட்டி, ஒரு அரசமரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பாட்டும் கூத்தும் பிக்குவுக்கு ஆகாது.

பாதி தூரம் வரைக்கும் கோ ஸ்வாய் படகுதான் முந்திக்கொண்டு போனது. அதன் முகப்பில் நின்றவன் திரும்பிப் பார்த்துக் கையை ஆட்டி வழியனுப்பினான்.

சரெத் மூச்சை இழுத்துவிட்டான்.

"கோ ஸ்வாய் படகுக்கு ரெண்டு கண்ணு!"

"ஹேய்!"

"ரெண்டும் பாக்குது கரையில பொண்ணு!"

"ஹேய்!"

"ஆத்தைப் பாக்க யாருடா இருக்கா?"

"நாங்க இருக்கோம்!"

நாற்பது துடுப்பும் ஒரே அடியாக விழுந்தன. கரையில் சிரிப்பு வெடித்தது. இரண்டாம் தடவை பாடும்போது கூட்டமே "ஹேய்" போட்டது. கோ ஸ்வாய் துடுப்புக்காரன் ஒருவனுக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்து துடுப்பு தப்பியது. பிரெக் அம்பில் படகு அவர்களை ஒட்டி வந்தது, பக்கத்தில் வந்தது, தாண்டியது. சரெத் அழுதுகொண்டே பாடினான். பாடிக்கொண்டே ஆடினான். அப்பா தீர்ந்துபோன இடத்திலிருந்து அந்தப் பாட்டு பிடித்துக்கொண்டு போவது மாதிரி இருந்தது அவனுக்கு.

மறுபடி தீட்டிய அந்த இரண்டு கண்களும் முதலில் எல்லைக் கயிற்றைத் தாண்டின.

அரசமரத்தடியில் ஒரு முதுகு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

*

ஆட்டம் பாட்டமெல்லாம் ஓய்ந்து கரையில் பாய் விரித்தார்கள். யான் அக்கா குழம்பு ஊற்றினாள். இன்றைக்கு எல்லோர் கிண்ணத்திலும் பெரிய மீனாகவே விழுந்தது.

அப்போது மேடையிலிருந்து விசில் ஊதியது. விழா அதிகாரி, கோப்பை வாங்க ஆட்களைக் கூப்பிடுகிறார்.

நாற்பது கரண்டிகள் நின்றன.

யாரோ ஒருவரின் முழங்கால் தரையைவிட்டு லேசாகக் கிளம்பியது. சரெத்தின் இடது கை எழுந்திருப்பதற்காகத் தரையில் ஊன்றியிருந்தது. அவன் அதைப் பார்த்தான். எடுத்துக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டான்.

"அக்கா, இன்னும் கொஞ்சம் குழம்பு."

ஹுயன் வாயிலிருந்த சோற்றை நிதானமாக மென்றார்.

விசில் மறுபடி ஊதியது. இந்தத் தடவை நீளமாக, பலமாக. ஒரு கிண்ணம்கூடத் தரைக்கு வரவில்லை.

அதிகாரி மேடையிலிருந்து இறங்கி வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்தார்.

"யோவ், எவ்வளவு நேரமா ஊதறேன். காதுல விழலையா?"

"விழுந்துச்சுங்க," என்றான் சரெத். "சாப்பிட்டுக்கிட்டிருக்கோம்."