முதலை வாய்த் தண்டனை

அல்லிக்குளத்தில் ஒரே களேபரம்! முக்குளிப்பான் பறவை செசிலியின் மிதக்கும் கூட்டைக் காணோம். பொரிக்கும் தறுவாயில் இருந்த நாலு முட்டைகளும் அதோடு போயின.

கரையில் கீரி சவரிமுத்து வாயைத் துடைத்துக்கொண்டிருந்தது. போதாதா? பிடித்துக் கட்டிவிட்டார்கள்.

அந்தக் குளத்தில் கொலைக்குத் தண்டனை முதலை வாய். அதை ஒழிப்பதா என்று அன்றைக்குத்தான் கூட்டம். “மற்றக் காடுகள் எப்படியோ போகட்டும், உங்கள் குளத்துக்கு நீங்களே முடிவு செய்யுங்கள்” என்று சிங்கராஜா சொல்லியனுப்பியிருந்தார்.

“ஒழித்தால் யாருக்கும் பயமே இருக்காது!” என்றது முதலை.

“உமக்குச் சோறு இருக்காது, அதைச் சொல்லும் ஓய்!” என்றது தவளை. “குற்றவாளியைப் பொந்தில் தள்ளிக் கல்லை வைத்து அடைப்போம். தீர்ப்பு தப்பென்றால் கல்லைப் புரட்டலாம். உம்ம வயிற்றை யார் புரட்டுவது?”

“ஒழிக்கச் சொல்பவர்கள் காலைத் தூக்குங்கள்!” என்றது நண்டு. ஐந்து கால். “வேண்டாம் என்பவர்கள்?” அதுவும் ஐந்து. ஒற்றைக் காலில் நின்ற கொக்கு இரண்டு பக்கமும் கணக்கில் வந்துவிட்டது!

“செசிலியம்மா, நீங்கதான் பாக்கி.”

செசிலி கட்டிக்கிடந்த கீரியைப் பார்த்தாள். இந்தக் கீரி உயிரோடு இருந்தால் இனி எந்த முட்டையை நம்பி அடைகாப்பது?

“தாயே! நான் கல்யாண வீட்டுக்குப் போயிருந்தேன். வாயில் இருந்தது பாயசம்!” என்று அலறியது சவரிமுத்து.

“எல்லாத் திருடனும் இப்படித்தான் சொல்வான்! தண்டனை இருக்கட்டும்!” செசிலி காலைத் தூக்கினாள்.

முதலை வாயைப் பிளந்தது. கீரியின் வால் உள்ளே போயாயிற்று.

அப்போது எருமை புஷ்பம் மூச்சிரைக்க வந்தாள். “கூட்டம் முடிஞ்சிடுச்சா? அந்தக் கரையில முங்கி எழுந்தேன், கொம்புல இந்தக் குப்பை மாட்டிக்கிச்சு. கீச் கீச்னு காதைத் துளைக்குது!”

குப்பைக்குள்ளிருந்து நாலு சின்ன அலகுகள் எட்டிப் பார்த்தன! கூடு கட்டும்போது செசிலி அவசரத்தில் அதைக் கோரைத் தண்டில் சரியாகச் செருகவில்லை. காற்று அதை அக்கரைக்குத் தள்ளியிருந்தது.

“ஐயோ, வாயை மூடாதே!” செசிலி பாய்ந்துபோய் முதலையின் மூக்கில் கொத்தினாள். முதலை ‘ஹச்’சென்று தும்மியது. கீரி வெளியே வந்து விழுந்தது.

“நண்டண்ணே! என் ஓட்டை மாத்திப் போடுங்க!” என்று கத்தினாள் செசிலி.

சட்டம் அன்றே ஒழிந்தது. முதலை முணுமுணுத்துக்கொண்டே மீன் பிடிக்கப் போயிற்று.

போன உயிரைத் திருப்பித் தர முடியாதவர்கள், தண்டனை என்று சொல்லி உயிரை எடுக்கக் கூடாது.